மிளகு மூட்டை ஊரில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை

ஆணி புடுங்க ஆன்சைட் அனுப்பினா மத்தவனெல்லாம் லண்டன், நியூயார்க்னு போவான். நமக்கு வாய்ச்சது ஜெர்மனியில் நியூரம்பெர்க். 2023 நவம்பர்ல போய் இறங்கினேன். சாயங்காலம் நாலரை மணிக்கே கும்மிருட்டு. ஞாயித்துக்கிழமை கடை கண்ணி கிடையாது. இந்த ஊர்ல டிசம்பர் முழுக்க எப்படி ஓட்டப்போறோம்னு புலம்பினப்ப, டீம்ல இருந்த ஜெர்மன்காரர் சிரிச்சுட்டு சொன்னார்: "வெயிட் பண்ணு, சந்தை வருது."

கிறிஸ்ட்கிண்டில்ஸ்மார்க்ட். வாய்ல நுழையறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு :-) "குழந்தை இயேசு சந்தை"னு தமிழ்ல சொல்லிக்கலாம். கிறிஸ்துமசுக்கு முந்தின நாலு ஞாயிறுகள்ல முதல் ஞாயிறு இருக்கு பாருங்க, அதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ஆரம்பம். ஊர் நடுவுல ஹவுப்ட்மார்க்ட்னு பெரிய சதுக்கம். விளக்கையெல்லாம் அணைச்சுடறாங்க. சதுக்கத்தோட ஒரு பக்கம் இருக்கிற மாதா கோயில் மாடத்துல தங்கக் கிரீடம், பொன்னிற சுருள்முடி, வெள்ளையும் பொன்னுமா நீள அங்கியோட ஒரு பொண்ணு வந்து நிக்குது. அதுதான் கிறிஸ்ட்கிண்ட். எல்லாரையும் வரவேற்று ஒரு கவிதை சொல்லுது. சிவப்பு வெள்ளை கோடு போட்ட துணிக்கூரைக்குக் கீழ மரக் கடைங்க, கிட்டத்தட்ட 180 இருக்கும். சீசன் முழுக்க வர்ற கூட்டம் இருபது லட்சம்னு கணக்கு சொல்றாங்க. திருவிழாக் கூட்டத்துல இடிபட்டு வளர்ந்தவனுக்கு முதல் தடவையா அந்த ஊர் சொந்த ஊர் மாதிரி இருந்துச்சு.

க்ளூவைன் கடையில (சூடான மசாலா ஒயின், கோப்பைக்கு டெபாசிட் தனி, ஞாபகமா திருப்பிக் கொடுத்து காசை வாங்கிக்குங்க) பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊரு, என்ன வேலை எல்லாம் கேட்டுட்டு, "இது எங்க பழைய வழக்கம். நூத்துக்கணக்கான வருஷமா இப்படியேதான் நடக்குது. வெளியூர்க்காரங்களுக்குப் புரியறது கஷ்டம்"னார். நல்ல மனுஷன்தான். ஆனா அந்த "இப்படியேதான்" மண்டைக்குள்ள உட்கார்ந்துகிச்சு. ரூமுக்கு வந்து தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட பூதம்.

முதல்ல குழந்தை இயேசு எப்படிப் பொண்ணா ஆச்சு? இதுக்கு மார்ட்டின் லூதர் வரைக்கும் போகணும். அதுவரைக்கும் பிள்ளைங்களுக்குப் பரிசு கொடுத்தவர் புனித நிக்கோலஸ், டிசம்பர் 6ம் தேதி. லூதருக்குப் புனிதர் வணக்கமே ஆகாது. அதனால பரிசு கொடுக்கிற வேலை நிக்கோலஸ்கிட்ட இருந்து குழந்தை இயேசுவுக்கு மாறுது, நாளும் கிறிஸ்துமசுக்கு நகருது. நியூரம்பெர்க் 1525லயே லூதர் பக்கம் சாய்ஞ்ச ஊர். போகப்போக அந்தக் குழந்தை சம்மனசு மாதிரி சுருள்முடியும் இறக்கையுமா மாறி, கடைசியில பொண்ணாவே ஆயிடுச்சு. இதுல கூத்து என்னன்னா, இன்னைக்கு ஜெர்மனியில கிறிஸ்ட்கிண்ட் வர்றது பெரும்பாலும் தெற்குல கத்தோலிக்கர் வீடுகளுக்கு. லூதர் வழி வந்த வடக்குல தாடிக்காரத் தாத்தாதான்!

சந்தைக்குக் கிடைக்கிற பழைய சாட்சி ஒரு டப்பா. பூ வரைஞ்ச நீள்வட்ட மரப்பெட்டி, சுமார் 19 செமீ. ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுக்கு இந்தச் சந்தைப் பரிசா அனுப்பினதுனு அடியில மையால எழுதி, 1628னு வருஷம் போட்டிருக்கு. ஊர்லயே இருக்கிற ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தோட சொத்து. ராஜா கல்வெட்டு, செப்பேடு எதுவும் இல்லை. யாரோ ரெண்டு பொண்ணுங்க நட்புதான் ஆதாரம்னதும் எனக்கு என்னவோ பிடிச்சுப்போச்சு. 1737ல கடை போட்டவங்க பட்டியல்ல 140 பேர் இருக்காங்க.

அதுவரைக்கும் பெரியவர் சொன்னது சரி. அப்புறம்தான் இடிக்குது. 19ம் நூற்றாண்டு முடியறப்ப சந்தைக்கு மவுசு போயிடுச்சு. 1898ல ஹவுப்ட்மார்க்ட்டை விட்டே கிளப்பிட்டாங்க, ஊருக்குள்ள அங்கங்க ஓரமா ஒதுங்கிக் கிடந்துச்சு. திரும்ப நடுச் சதுக்கத்துக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? 1933ல, நாஜி மேயர் வில்லி லீபல். அப்ப அந்தச் சதுக்கத்தோட பேரு அடால்ஃப் ஹிட்லர் பிளாட்ஸ். நாஜி கட்சி மாநாடுகள் நடந்த ஊராச்சே, "பழைய ஜெர்மன் நகரம்"னு காட்ட ஒரு மேடை வேணும். கோயில் மணி, பாட்டு, கூடவே ரெண்டு தேவதைங்க, நடுவுல ஒரு நடிகை கிறிஸ்ட்கிண்ட் வேஷத்துல வந்து கவிதை சொல்லித் தொடங்கி வைக்கிற விழா, இது எல்லாம் அந்த 1933 டிசம்பர்ல போட்ட ஸ்கிரிப்ட். படிச்சதும் கையில இருந்த லேப்கூகனை அப்படியே கீழ வெச்சுட்டேன்.

போர் தொடங்கினதும் சந்தை நின்னுச்சு. 1945 ஜனவரி 2ம் தேதி ராத்திரி குண்டு வீச்சுல பழைய ஊர் பெரும்பாலும் தரைமட்டம். 1948ல இடிபாடுகளுக்கு நடுவுல சந்தையைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. அதே மாதிரி கிறிஸ்ட்கிண்ட், அதே மாதிரி தொடக்க விழா, ஆனா கவிதை புதுசு. நகர நாடக அரங்கைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ப்ரோகர் எழுதினது. சோஃபி கேசர்னு ஒரு நடிகை அதைச் சொன்னாங்க. வீடு வாசல் போன ஜனங்க அன்னைக்கு அங்க நின்னு கேட்டிருப்பாங்க இல்லையா? அவங்களைப் பார்த்து "இது நாஜி போட்ட ஸ்கிரிப்ட்"னு நான் சொல்ல முடியுமா? தெரியலை. ஒரு மேடையைக் கட்டினவன் ஒருத்தன், அதுல ஏறினவன் இன்னொருத்தன். நம்ம ஊர்லயும் அப்படி எத்தனையோ இருக்கு. 1969ல இருந்து நடிகை கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பொண்ணுங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கறாங்க. வயசு 16ல இருந்து 19, உயரம் 1.60 மீட்டராவது இருக்கணும், உயரத்துல தலை சுத்தக் கூடாது (மாடத்துல நிக்கணுமே).

அந்த மாடத்துக்கு மேல ஒரு கடிகாரம். 1509ல செஞ்சது. தினமும் மதியம் 12 மணிக்கு ஏழு பொம்மைங்க வந்து நடுவுல உட்கார்ந்திருக்கிற ராஜா பொம்மையை மூணு சுத்து சுத்தும். டூரிஸ்ட் எல்லாம் போனைத் தூக்கிட்டு நிப்பாங்க, நானும்தான். நடுவுல இருக்கிறவர் பேரரசர் நாலாம் சார்லஸ். இப்ப சந்தை நடக்கிற இடம் ஒரு காலத்துல யூதர் குடியிருப்பு. 1349 நவம்பர்ல இதே சார்லஸ், யூதர் வீடுகளை இடிச்சுட்டுச் சதுக்கம் போட்டுக்குங்க, அவங்க ஜெபக்கூடம் இருந்த இடத்துல மாதா கோயில் கட்டிக்குங்கனு ஊருக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார். டிசம்பர் 5ம் தேதி ஊர்க்காரங்க புகுந்தாங்க. செத்தவங்க 562 பேராவது இருக்கும். டிசம்பர் 5ங்கறது சந்தை நடக்கிற நாள், நிக்கோலஸ் திருநாளுக்கு முதல் நாள். அன்னைக்கு நான் க்ளூவைன் குடிக்கப் போகலை. அதனால யாருக்கு என்ன லாபம்னு கேட்டா பதில் இல்லை.

கொஞ்சம் சாப்பாட்டுக்கு வருவோம். லேப்கூகன்னா தேன், கொட்டைப் பருப்பு, மசாலா போட்ட பெரிய பிஸ்கட்டு. ஊரைச் சுத்தின அரசுக் காட்டுல தேன் எடுக்கறவங்க நிறைய. மசாலா? ஏலக்காய், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், பழைய முறையில மிளகும் உண்டு. இதுல எது ஜெர்மனியில விளையுது? எல்லாம் நம்ம பக்கத்துக் கடல் சரக்கு. மலபார்ல கிளம்பின மிளகு அரபுக்காரங்க கை மாறி, அலெக்சாண்டிரியா, வெனிஸ் வழியா ஆல்ப்ஸ் மலை தாண்டி இங்க வந்துச்சு. பணக்கார வியாபாரிகளை "மிளகு மூட்டை"னு கிண்டல் பண்ற பழக்கமே ஜெர்மன்ல உண்டு. 1505ல போர்ச்சுகல்காரன் அல்மெய்டா கப்பல் படையோட கிளம்பினப்ப, ஜெர்மன் வியாபாரிங்க பணம் போட்ட கப்பல்களும் கூடப் போச்சு. பணம் போட்டவங்கள்ல நியூரம்பெர்க் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் உண்டு. கண்ணூர், கொச்சி வரைக்கும் வந்து மிளகை அள்ளிட்டுப் போனாங்க. பொங்கல்ல மிளகைப் பொறுக்கி ஓரமா வைக்கிற ஜாதி நான், எனக்கே பெருமையா இருந்துச்சு :-) (வாங்கறதா இருந்தா "எலிசன்"னு போட்டதை வாங்குங்க. பருப்பு கால் பங்குக்குக் குறையக் கூடாது, மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாதுனு விதியே இருக்கு. சைவம் இல்லாதவங்க பன்னுக்குள்ள மூணு குட்டி சாசேஜ் வெச்சுத் தர்றதையும் பார்க்கலாம்.)

இப்ப 2019க்கு வர்றேன். அந்த வருஷம் கிறிஸ்ட்கிண்டா தேர்வான பொண்ணு பெனிக்னா முன்சி, வயசு 17. பிறந்து வளர்ந்தது நியூரம்பெர்க், அம்மா ஜெர்மன், அப்பா இந்தியாவில இருந்து வந்தவர். அவ்வளவுதான், ஏஎஃப்டி கட்சியோட மியூனிக் பக்கத்துக் கிளை ஒண்ணு ஃபேஸ்புக்ல எழுதிச்சு: அமெரிக்காவுல செவ்விந்தியர்களுக்கு ஆன கதிதான் ஒருநாள் நமக்கும்ங்கற அர்த்தத்துல. ஊரே கொதிச்சுது. பதிவைத் தூக்கிட்டு மன்னிப்பும் கேட்டாங்க. அந்தப் பொண்ணு அலட்டிக்காம நவம்பர் கடைசியில மாடம் ஏறி கவிதையைச் சொல்லிடுச்சு. பாவம், அடுத்த வருஷம் 2020ல கொரோனாவால சந்தையே நடக்கலை.

டிசம்பர்ல அந்தப் பக்கம் போறவங்களுக்கு: வார நாள்ல போங்க, வார இறுதியில நகர முடியாது. ரெண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க தாங்களே செஞ்ச விளக்குகளோட கோட்டைக்கு ஊர்வலம் போவாங்க. என்னைக் கேட்டா சந்தையை விட அதுதான் அழகு. குழந்தைங்க இருந்தா ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்துல அவங்களுக்குனு தனிச் சந்தை, ராட்டினம் எல்லாம் உண்டு. ஒரு நாள் ரயில் ஏறி பாம்பெர்க் போனா கோயில் கோயிலா குடில் பார்க்கலாம். ரோத்தன்பர்க் சந்தையும் நல்லாத்தான் இருக்கும்.

திரும்பி வர்றப்ப ஒரு டப்பா எலிசன் லேப்கூகன் வாங்கிட்டு வந்தேன். அம்மா ஒரு கடி கடிச்சுட்டு, கண்ணை மூடி மென்னுட்டு சொன்னாங்க: "ஏலக்காய் தூக்கலா இருக்குடா. கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டிருக்கலாம்."