விடுபட்டவரைத் தேடும் பதிவேடு: புதுக்கோட்டை மாவட்டத்தில் நாள்பட்ட சிறுநீரக நோயாளரை இனங்காணல்

நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றும்வரை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. இந்திய நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டின் முதல் அறிக்கை 2012இல் வெளியானது. அதில் இடம்பெற்ற 52,273 நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறுதிக் கட்டமான ஐந்தாம் நிலையில்தான் சிறுநீரகவியல் மருத்துவரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். மருத்துவமனைகளில் திரண்டிருக்கும் மின்னணுப் பதிவுகளைக் கணினியால் சலித்து இத்தகையோரை முன்கூட்டியே கண்டறியும் முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது. புதுக்கோட்டையில் அதை அப்படியே பொருத்தினால், சோதிக்கப்படாதவர்கள் நலமானவர்களாக எண்ணப்பட்டுவிடுவார்கள். யாருக்குச் சோதனை விடுபட்டது என்பதையே இங்குள்ள பதிவேட்டிடம் முதலில் கேட்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இனங்காண எளிய வழி நோய்க்குறியீட்டைத் தேடுவது. ஐ.சி.டி.-10 வகைப்பாட்டில் இந்நோய்க்குரிய குறியீடு என்18. குறியீடு இடப்பட்டவருக்குப் பெரும்பாலும் நோய் இருக்கும். நோயுள்ள எல்லோருக்கும் குறியீடு இடப்பட்டிருக்காது. காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டவரின் பதிவில் காய்ச்சல் மட்டும் ஏறிவிடலாம். ஆகவே ஆய்வக எண்களையே அடிப்படையாகக் கொள்வது தகும். அவற்றையும் கணக்கிட்டே படிக்கவேண்டும். இரத்தத்தில் சேரும் தசைக் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.3 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரப்படி 25 வயது ஆணின் சிறுநீரக வடிகட்டு வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 மி.லி.; 62 வயதுப் பெண்ணுக்கோ 46 மி.லி.தான். 60க்குக் கீழே இறங்கினால் கவலைக்குரியது. தாளில் ‘சற்றே கூடுதல்’ என்று கடந்துபோகும் எண்ணைக் கணினி பிடித்துவிடும். ஆனால் மெலிந்த கூலித் தொழிலாளரிடம் தசை குறைவு என்பதால் கிரியேட்டினினும் குறைந்தே காட்டும். அவர் சூத்திரத்திலிருந்தும் தப்பலாம்.

குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட நோய். வயிற்றுப்போக்கோ கோடையில் உடலின் நீர் வற்றுவதோ கிரியேட்டினினைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். எனவே ஒருவரின் இரண்டு சோதனைகளாவது ஒரே அடையாளத்தின்கீழ்ச் சேரவேண்டும். புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. என்றாலும் விராலிமலைக்காரருக்குத் திருச்சியும் கந்தர்வகோட்டைக்காரருக்குத் தஞ்சாவூரும் பக்கம் என்பதால் சோதனைகள் வெவ்வேறு ஊர்களில் சிதறலாம். தனியார் ஆய்வகத் தாள் நோயாளியின் மஞ்சள் பையிலேயே தங்கிவிடும்.

இதனினும் பெரிய குறை, எவரைப் பின்தொடர்கிறோம் என்பதில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை நோயாளரையும் இரத்த அழுத்தம் உள்ளோரையும் வீடுதேடிச் செல்கிறது. இரண்டும் இல்லாதவர் இயல்பானவர் என ஒதுக்கப்படுகிறார். தமிழ்நாட்டின் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளரை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வோ, சிறுநீரக நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அத்தகைய வழக்கமான காரணங்கள் இல்லை என்கிறது. வெயிலில் உழைப்பதே இங்கு காரணமாக ஐயுறப்படுகிறது. மானாவாரி நிலமும் கண்மாய்ப் பாசனமுமாக வாழும் புதுக்கோட்டை இதைப் புறக்கணிக்க முடியாது. 2023இல் வந்த மாநில அரசின் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் சிறுநீரில் புரதத்தைத் தேடுகிறது. வெப்பத்தோடு தொடர்புபடுத்தப்படும் நோய்வகையில் புரதம் அதிகம் கசிவதில்லை. ஆகவே சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது.

அப்படியானால் கணினி எதற்கு, ஊரையே சோதிக்கலாமே என்று கேட்கலாம். சென்னையை அடுத்த கிராமங்களில் டாக்டர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, சிறுநீரில் புரதத்தைக் காட்டும் சல்ஃபோசாலிசிலிக் அமிலம், சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் கரைசல் போன்ற எளிய வழிகளால் இதைச் செய்துகாட்டியது. வீடுவீடாகப் போக ஆள் வேண்டும் என்பதை அம்முயற்சி உணர்த்துகிறது. எந்த வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டும் என்று சொல்வது கணினியின் வேலை.

அதற்கு மூன்று பட்டியல்கள் போதும்: சர்க்கரையோ அழுத்தமோ இருந்தும் ஓராண்டாகக் கிரியேட்டினின் பார்க்காதவர்கள், ஒருமுறை எண் பிசகியும் மறுசோதனைக்கு வராதவர்கள், வெயிலில் உழைத்தும் ஒருமுறைகூடச் சோதிக்கப்படாதவர்கள். மூன்றாவதற்குப் பதிவேட்டில் தொழில் என்ற கட்டம் நிரப்பப்பட வேண்டும். மறுசோதனைக்கு முன் எவர் பெயரிலும் ‘நோயாளி’ என்று எழுதக்கூடாது. தவறான முத்திரை கூலிவேலையையே பறிக்கக்கூடும். பட்டியலைக் கையாள்வோர் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ளவேண்டும். இம்முறையின் வெற்றியைப் பட்டியலில் சேர்ந்த பெயர்களின் எண்ணிக்கையால் அளக்க இயலாது. எண் பிசகியவர்களில் எத்தனை பேருக்கு உரிய காலத்தில் மறுசோதனை முடிந்தது என்ற விகிதமே சரியான அளவுகோல். அதை அறந்தாங்கி, புதுக்கோட்டை ஆகிய இரு சுகாதார மாவட்டங்களும் தனித்தனியே வெளியிடவேண்டும்.