ஜிகர்தண்டா

ஜிகர்தண்டா மதுரை நகரில் உருப்பெற்ற பால் பானம். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி அல்லது ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பாலைக் குறுக்கிச் செய்த ஐஸ்கிரீம் ஆகியவை ஒரே தம்ளரில் சேர்வது. கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவதா, அப்படியே குடிப்பதா என்று முதல்முறை கையில் வாங்குபவர் தயங்குவார். இரண்டும் சரிதான்.

‘ஜிகர்’ என்பது பாரசீகச் சொல். கல்லீரல் என்று பொருள். ‘தண்டா’ என்றால் இந்தியில் குளிர்ச்சி. பாரசீக, உருதுக் கவிதைகளில் காதலும் துணிவும் குடியிருக்கும் இடம் ஈரல். தமிழருக்கும் இது புதிதல்ல. பயந்துபோனால் ‘ஈரக்குலையே நடுங்கிப்போச்சு’ என்று மதுரைப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். ஜிகர்தண்டாவுக்கு ‘நெஞ்சைக் குளிர்விப்பது’ என்று நாசூக்காகப் பொருள் சொல்வோர் உண்டு; ‘ஈரக்குலை குளிர’ என்பதே நேரான பொருள், அதுவே அழகானதும்கூட.

இந்தப் பானத்தை முகலாயர் கொண்டுவந்ததாகப் பரவலான பேச்சு இருக்கிறது. முகலாயர் மதுரையை நேராக ஆண்டதில்லை. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களும், 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபும் இங்கே அதிகாரம் செலுத்தினார்கள். உருது பேசும் குடும்பங்கள் நகரில் இருக்கின்றன. பெயர் அந்த வீடுகளின் வழியே கடைத்தெருவுக்கு வந்தது என்று கொள்வதே பொருத்தம். சர்பத் என்ற சொல்லும் அப்படி வந்ததுதான். குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த அது, மேற்கே போய் ஐரோப்பாவின் ‘சோர்பே’ என்னும் பனிக்கூழுக்கும் பெயரானது.

ஜிகர்தண்டா என்றதும் ஊர்க்காரர்கள் கைகாட்டுவது விளக்குத்தூண் பக்கம். 1977இல் தொடங்கிய புகழ்பெற்ற கடை அங்கே இருக்கிறது. அந்த விளக்குத்தூண், மதுரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தவர் அவர். அப்படி உருவான தெருக்களே வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. பிந்தைய இரண்டும் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரைத் தாங்குகின்றன. கோட்டை இருந்த காலத்தில் ஊரின் விளிம்பாக இருந்த பகுதிதான் இன்று நள்ளிரவு வரை தம்ளர்கள் கைமாறும் கடைத்தெரு. 2014இல் கார்த்திக் சுப்பராஜின் படம் இப்பெயரோடு வந்தபின், மதுரைக்கு வராதவர்களுக்கும் சொல் பழகிவிட்டது.

இனி தம்ளருக்குள் இருப்பவை. பாதாம் பிசின் மரப்பட்டையில் காயம்பட்ட இடத்தில் கசிந்து இறுகுவது. நீரில் கரையாது; இரவு முழுக்க ஊறினால் பல மடங்கு உப்பிக் கண்ணாடி போல நிற்கும். நன்னாரி தரையோடு படரும் கொடியின் வேர். வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினிலும், நன்னாரி வேரின் முக்கிய மணப்பொருளிலும் இருப்பவை ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கையில். அவை அமைந்திருக்கும் இடம் மட்டும் வேறு.

எல்லாவற்றிலும் வியப்பானது கடற்பாசி. நோன்பு திறக்கும் வேளையில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தட்டில் ஊற்றி வில்லைகளாக வெட்டுவதும் இதுதான். சைனா கிராஸ், அகர் அகர் என்றும் கடைகளில் கேட்கிறார்கள். செம்பாசிகளைக் கொதிக்கவைத்து எடுக்கும் இந்தப் பொருள் உருக ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும். ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழேதான் இறுகும். ஆகவே மதுரையின் சித்திரை வெயிலிலும் இளகாது. இந்தக் குணம் மருத்துவ வரலாற்றையே திருப்பியது. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் கோடையில் உருகிப் பாழானது. அங்கு பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி, தம் சமையலறையில் இனிப்புக்குப் பயன்படுத்திய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடம் அவர் கற்ற பக்குவம் அது. இன்றுவரை உலகெங்கும் கிருமிகள் வளர்வது அகர் தட்டில்தான். ஃபேன்னியின் பெயரைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இந்தியாவின் அகர் ஆலைகளில் பெரும்பகுதி மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பது, ஜிகர்தண்டா குடிப்பவர்களே அதிகம் கேள்விப்படாத செய்தி. மூலப்பொருள் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வருகிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அங்கே பெயர். பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி முங்குகிறார்கள். பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவதென அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பாசி பறிக்கும் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சூழல் காக்கும் பணிக்கான சீகாலஜி விருது கிடைத்தது. பறித்த பாசி கரை மணலில் வெயிலில் காய்ந்து, சாக்குகளில் கட்டப்பட்டு, மதுரைக்கு லாரி ஏறுகிறது.