முக ஊசியும் தகுதியும்: திருப்பூர் ராயபுரத்தை முன்வைத்து

முகச்சுருக்கம் போக்கும் ஊசி, உதட்டையும் கன்னத்தையும் நிரப்பும் ஊசி ஆகியவை பற்றித் தமிழில் வெளிவரும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: தகுதியுள்ள மருத்துவரிடம் போங்கள். இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்தத் தகுதியை எதைக் கொண்டு அறிவது? பட்டத்தைக் கொண்டா, பதிவு எண்ணைக் கொண்டா, இதுவரை இத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன் என்ற கணக்கைக் கொண்டா? ஊசி தவறிப்போனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே அறையில் என்ன செய்ய முடியும் என்பதே தகுதியின் முதன்மை அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பட்டமும் பதிவும் அதற்கு முன்நிபந்தனைகள். அவை இல்லாதவரிடம் பேச்சே இல்லை; அவை இருப்பதோடு சோதனை முடிந்துவிடுவதும் இல்லை.

இதை ராயபுரத்தில் நின்று பேசக் காரணம் தொலைவு. காதர்பேட்டையை ஒட்டிய இந்தப் பகுதியில் பனியன் கம்பெனி நடத்துபவர்களும், பையரோடு வீடியோ காலில் பேசும் மெர்ச்சண்டைசர்களும், கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளும் முக ஊசியைப் பற்றி விசாரிப்பது இன்று வியப்புக்குரியதல்ல. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி முறைப்படி திறக்கப்பட்டதே 2022 ஜனவரியில்தான். பெரிய வைத்தியம் என்றால் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவைக்குப் போவதே இவ்வூரின் நெடுநாள் பழக்கம். அந்த ஐம்பது கிலோமீட்டர் முக ஊசி விஷயத்தில் ஏன் கணக்கில் வருகிறது என்பதைப் பார்க்குமுன், இரண்டு ஊசிகளையும் பிரித்துக்கொள்வது நல்லது. பேச்சுவழக்கில் இரண்டும் ‘பொட்டாக்ஸ்’ என்ற ஒரே பெயரில் கலந்துவிட்டன.

பொட்டுலினம் நச்சு தசையை இயங்கவிடாமல் தளர்த்தும் மருந்து. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்கா 1989இல் இதற்கு ஒப்புதல் தந்தது. புருவங்களுக்கு இடைப்பட்ட சுருக்கத்துக்கு 2002இல் தந்தது. பலன் மூன்று, நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். தவறான இடத்தில் இறங்கினால் இமை சில வாரங்கள் தொங்கும். பிறகு தானே சரியாகும். நிரப்பு ஊசி, அதாவது ஃபில்லர், வேறு வகை. பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலத்தாலான கூழ் அது. தோலுக்கடியில் இடத்தை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்கும். அது ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் குழாயையே அடைக்கும். முகத்தின் சில தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்திருக்கின்றன. ஊசியின் அழுத்தத்தில் கூழ் எதிர்த்திசையில் பின்னோக்கிப் போய், அங்கிருந்து விழித்திரைத் தமனிக்குள் இறங்க முடியும். கனடாவின் வான்கூவர் மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட தொகுப்பில், நிரப்புப் பொருள்களால் பார்வை பாதிக்கப்பட்டதாக அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் 98 பேர். மிகுதியான சம்பவங்களில் ஊசி போட்ட இடம் புருவ மத்தி அல்லது மூக்கு. உலகெங்கும் போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. ஆனால் போன பார்வை திரும்புவதும் அரிது.

விழித்திரைக்கு ரத்தம் நின்றுபோனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மீளாத சேதம் ஏற்படுகிறது. ஊசி போட்டவர் தடுமாறி, யாருக்கோ போன் செய்து, வண்டி பிடித்து அவிநாசி சாலையின் மாலை நெரிசலில் கோவைக்கு அனுப்பினால் அந்த நேரம் வழியிலேயே தீர்ந்துபோகும். தோலில் மட்டும் அடைப்பு நேர்ந்தால் அவகாசம் கூடுதல். அங்கேயும் மணிக்கணக்குதான், நாள்கணக்கல்ல. நம் மாநிறத் தோலில் அந்த அடைப்பை அடையாளம் காண்பது கடினம் என்பதைப் பாடநூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை. வெள்ளைத் தோலில் பளிச்செனத் தெரியும் வெளுப்பும் வலைபோன்ற நீலத்திட்டும் நமக்கு மங்கலாகவே தெரியும். பல ஃபில்லர்களில் மரப்பு மருந்தும் கலந்திருப்பதால் வலியும் எச்சரிக்காமல் போகலாம். விரலால் அழுத்திவிட்டு, எடுத்ததும் எத்தனை நொடியில் நிறம் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் எளிய சோதனை. ஊசி போட்ட கையோடு இதைச் செய்து பார்க்காமல் கண்ணாடியை நீட்டுகிறவரிடம் என்ன பட்டம் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அடைப்பைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது. கண் அறுவையின்போது மரப்பு மருந்தோடு சேர்த்துப் போடப்படுவதால் நம் ஊர்களில் அது கிடைக்காத சரக்கல்ல. 1500 அலகுக் குப்பிகளாக வருகிறது. அடைப்பு நேர்ந்தால் ஒரு பகுதிக்கு ஐந்நூறு அலகு வீதம், நிறம் திரும்பும்வரை மணிக்கொருமுறை போடுவது இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. பாதிக்கப்பட்ட பகுதி பெரிதானால் ஒரு குப்பி போதாது. ஆகவே ஊசிக்கு நாள் குறிக்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி: “ஹயலூரானிடேஸ் இங்கே எத்தனை குப்பி இருக்கிறது, பார்க்கலாமா?” சிலிகோன் போன்ற நிரந்தர நிரப்புப் பொருளை இந்த நொதி கரைக்காது என்பதால், எந்தப் பொருளைப் போடுகிறார்கள் என்ற கேள்வியும் இதற்குள் அடங்கும். கண்ணில் அடைப்பு நேர்ந்தபின் கண்ணுக்குப் பின்னால் இதைச் செலுத்துவது பலன் தருமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. அப்படியானால் புருவ மத்தியிலும் மூக்கிலும் ஃபில்லரே வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் தகுதியின் ஒரு பகுதிதான்.

மருந்துக்குள் இருப்பது என்ன என்பது அடுத்த சிக்கல். 2004 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஊசி போட்டுக்கொண்ட நால்வர் உடல் முழுவதும் செயலிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். போட்டது ஆய்வகப் பயன்பாட்டுக்கான, மனிதருக்கு உரிமம் பெறாத நச்சு. போட்டவர் பார்லர்காரர் அல்லர். மருத்துவம் படித்தவர், உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அந்த நால்வரில் அவரும் ஒருவர். போலிப் பொட்டாக்ஸ் ஊசியாலும் பலர் மருத்துவமனைக்குப் போனதாக 2024 ஏப்ரலில் அதே நாட்டில் அறிவிக்கப்பட்டது.

நம் பக்கத்தில் போலியைவிட அன்றாடக் கவலை நீர்த்தல். தூளாக வரும் நூறு அலகுக் குப்பியில் 2.5 மில்லி உப்புநீர் கலந்தால் 0.1 மில்லியில் 4 அலகு இருக்கும். புருவ மத்தியில் ஐந்து இடத்தில் போட்டால் 20 அலகு. ஐந்து மில்லி கலந்துவிட்டால் அதே ஐந்து குத்தில் பத்து அலகுதான் போகும். ஊசியைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கம்பெனியின் அலகு இன்னொரு கம்பெனியின் அலகுக்குச் சமமல்ல என்பதால் விலையை ஒப்பிட்டும் பயனில்லை. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தப்படும் ஊரில் அந்தக் குளிர்பெட்டிக்கு மாற்று மின்சாரம் உண்டா என்பதும் நியாயமான கேள்வியே. குப்பியைக் கண்ணெதிரே திறந்து கலக்கச் சொல்வதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் மருத்துவரைவிட, கேட்காமலே அப்படிச் செய்பவர் மேல்.

சட்டம் என்ன தருகிறது? முதலில் ஆள். மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் பெற்ற ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டோடு ஒப்பிடலாம். பெயருக்குப் பின்னால் தொங்கும் வாரக்கணக்குப் பயிற்சிச் சான்றிதழ்கள் அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. தாம் படிக்காத மருத்துவமுறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவு என்று 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலோபதி மருந்து கொடுத்த ஒரு ஹோமியோபதி மருத்துவரைப் பற்றிய வழக்கு அது. பிறகு இடம். தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வர 2018 ஆனது. மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு பெற வேண்டும். இடையில், 2016இல், சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். அந்த நிலையம் சலூன் உரிமத்தில் இயங்கியதாக அப்போதைய செய்திகள் கூறின. மருத்துவம் படிக்கும் ஒருவராலேயே அந்த இடத்தை எடைபோட முடியவில்லை என்றால், தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் எப்படி எடைபோடுவார்? யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்பது அழகு சிகிச்சைக்குப் போதுமான பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

தோல் மருத்துவர் மட்டுமே போடலாமா, பிளாஸ்டிக் சர்ஜனும் போடலாமா, முகத்தாடை அறுவை வல்லுநர்களுக்கு உரிமை உண்டா என்ற சண்டை வேறு நடக்கிறது. முகத்தாடை வல்லுநர்கள் முக அழகு சிகிச்சை செய்யலாம் என்று பல் மருத்துவக் கவுன்சில் 2022இல் சொன்னது. தோல் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். இந்த எல்லைத் தகராறில் தொழில் நலனும் கலந்திருப்பதால் நோயாளி அதற்குள் போக வேண்டியதில்லை. முகத்தின் தமனிகளை அறுவை மேசையில் கண்டறிந்த முகத்தாடை வல்லுநர், ஃபில்லரே போடாத தோல் மருத்துவரைவிடச் சில விஷயங்களில் தேர்ந்தவராக இருக்கலாம். மறுபுறம், தகுதியுள்ளவர் கையிலும் ரத்தக்கட்டும் வீக்கமும் வரும். 2021இல் சென்னையில் ஒரு திரை நடிகை கண்ணுக்கடியில் வீங்கிய தம் படத்தை வெளியிட்டார், மருத்துவர் மறுத்தார், விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று வெளியிலிருப்பவர் சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய பிணக்குகளில் மையமாக நிற்கும் கேள்வி, என்ன நேரக்கூடும் என்று முன்னரே சொல்லப்பட்டதா என்பதுதான்.

தவறு நேர்ந்தால் அதைப் பதிவுசெய்து கையாளும் ஒழுங்கு திருப்பூருக்குப் புதிதல்ல. ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தி, எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடுவார்கள். கிடைத்ததை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மிஷின் எண், டைலர் பெயர் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்திடுவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டல் தனியே ஒதுக்கப்படும். பையரின் ஆடிட்டர் வந்தால் முதலில் கேட்பவற்றில் அந்த ரெஜிஸ்டரும் ஒன்று. முக ஊசிக்கு அப்படியொரு ஆடிட்டர் கிடையாது. இணை இயக்குநர் அலுவலகத்தின் ஆய்வு கட்டடம், கழிவு, பணியாளர் என்று நிற்காமல், ஹயலூரானிடேஸ் இருப்பையும் அதன் காலாவதித் தேதியையும் பார்க்கத் தொடங்கினால் பாதிக் கேள்விகளை நோயாளி கேட்க வேண்டியிருக்காது.

அதுவரை ஒப்புதல் படிவமே நோயாளியின் கருவி. 2008இல் சமிரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பார்வை இழப்பு என்ற சொல் தமிழில் இல்லாத படிவத்தில் கையெழுத்திடுவது அந்த வரையறைக்குள் வராது என்றே நான் வாசிக்கிறேன். முறையான ஃபில்லர் பெட்டியில் லாட் எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் வருகின்றன. ஒன்று கிளினிக் கோப்புக்கு, ஒன்று நோயாளிக்கு. அதைக் கேட்டு வாங்க எந்தக் கட்டணமும் இல்லை. கொடுக்க மறுப்பவரிடம் பெட்டியே இல்லாமலிருக்க வாய்ப்புண்டு.