பரம்பரையலகுத் திருத்தமும் ஆக்கவுரிமையும்

ஆர்.என்.ஏ.யை உயிரியலாளர் நெடுங்காலம் ஒரு தூதுவனாகவே கருதிவந்தனர். டி.என்.ஏ.யிலுள்ள செய்தியைப் புரதம் ஆக்கப்படும் இடத்திற்குச் சுமந்து செல்வதோடு அதன் பணி முடிந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். 1980களின் தொடக்கத்தில் தோமஸ் செக்கும் சிட்னி ஒல்ற்மனும், நொதியத்தைப் போன்று ஆர்.என்.ஏ.யும் இரசாயனத் தாக்கங்களை ஊக்கவல்லது எனத் தனித்தனியே நிறுவியபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. 1989இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். இத்தகைய ஆர்.என்.ஏ. பற்றி ஆராய்ந்து அதே ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவரே ஜெனிபர் டௌட்னா.

1964இல் பிறந்த டௌட்னா ஹவாயிலுள்ள ஹிலோ நகரில் வளர்ந்தவர். தந்தையார் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இலக்கியம் கற்பித்தார். அவர் மகளுக்குக் கொடுத்த நூல்களுள் ஒன்று, டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்த கதையை ஜேம்ஸ் வாட்சன் எழுதியது. ரோசலிண்ட் பிராங்ளினை வாட்சன் அந்நூலில் இளக்காரமாகவே சித்திரித்துள்ளார். சிறுமியோ பெண்ணொருத்தியும் விஞ்ஞானியாகலாம் என்பதையே அதிலிருந்து கற்றுக்கொண்டாள். நூலாசிரியன் கருதாத பொருளை மாணவர் நூலிற் காண்பது, கற்பிக்கும் தொழிலிலுள்ள நாம் அடிக்கடி காணும் காட்சியன்றோ!

பின்னர் செக்கின் ஆய்வுகூடத்திலும் யேல் பல்கலைக்கழகத்திலும் உழைத்த டௌட்னா, நன்னீரில் வாழும் தனிக்கல உயிரியொன்றின் ஆர்.என்.ஏ.யில் ஒரு பெரும் பகுதியின் அமைப்பை 1996இல் துணைவர்களோடு எக்ஸ் கதிர்களால் துலக்கினார். இதனால் யாது பயன் என்று அன்று ஒரு வணிகன் வினவியிருப்பின், விடை கூறுவது அரிதாயிருந்திருக்கும்.

அவ்விடை வேறு திசைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1987இல் யப்பானின் ஒசாகாவில் இஷினோவும் துணைவரும் பற்றீரியாவொன்றின் டி.என்.ஏ.யில் விநோதமான மீள்தொடர்களைக் கண்டனர். ஸ்பானிய உப்பளங்களின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொஹிகா, அத்தொடர்களின் இடையே இருப்பவை முன்பு தாக்கிய வைரசுகளின் துணுக்குகள் என உணர்ந்து 2005இல் வெளியிட்டார். தயிராக்கும் பற்றீரியாவை ஆராய்ந்தோர், இது ஒரு நோயெதிர்ப்பு முறையே என 2007இல் பரிசோதனையால் நிறுவினர். கிறிஸ்பர் எனப் பெயர்பெற்ற இதனை, 2002இல் பேர்க்லிக்குச் சென்றிருந்த டௌட்னாவுக்கு 2006இல் அறிமுகஞ் செய்தவர் அங்கு பணியாற்றிய ஜிலியன் பான்பீல்ட்.

பற்றீரியா தான் சேமித்த துணுக்கிலிருந்து ஆர்.என்.ஏ.யை ஆக்குகின்றது, அந்த ஆர்.என்.ஏ. வழிகாட்ட, காஸ் 9 என்னும் புரதம் வைரசின் டி.என்.ஏ.யை வெட்டுகின்றது. 2011இல் டௌட்னாவைச் சந்தித்த பிரெஞ்சு விஞ்ஞானி எமானுவேல் சார்பென்ரியே, இதற்கு இரண்டாவது ஆர்.என்.ஏ.யும் வேண்டும் என ஏற்கெனவே கண்டிருந்தார். இருவர் குழுக்களும் கூடி, இரு ஆர்.என்.ஏ.க்களையும் ஒன்றாக இணைத்தன. அவ்வழிகாட்டியின் எழுத்துக்களை மாற்றினால் வேண்டிய இடத்தில் வெட்டலாம் என 2012இல் அவை அறிவித்தன. ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவருக்கே அதன் முழுப் பொருளும் உடனே புலப்பட்டிருக்கும். லித்துவேனியரான சிக்ஷ்னிஸ் பெரிதும் ஒத்த முடிவை முன்னரே எழுதி அனுப்பியும், ஒரு சஞ்சிகை அதனைத் திருப்பிவிட்டது. 2020இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு இரு பெண்களுக்கும் உரியதாயிற்று.

அதற்கு முன்பே வழக்குகள் தொடங்கிவிட்டன. மனிதக் கலங்களில் இம்முறையைக் கையாளும் ஆக்கவுரிமை எவருக்கு என்று கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் பிரோட் நிறுவனமும் மோதின. 2022இல் பிரோட் வென்றது. 2025இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபரிசீலனைக்குப் பணித்தது. பொதுமக்கள் பணத்தால் வளர்ந்த அறிவுக்கு இத்தனை வேலிகள்! டௌட்னாவும் இதற்குப் புறம்பானவரல்லர். கம்பனிகள் சிலவற்றை நிறுவியோருள் அவரும் ஒருவர்.

2018இல் சீன விஞ்ஞானி ஒருவர் கருவிலேயே திருத்தஞ் செய்து குழந்தைகளைப் பிறப்பித்துச் சிறை சென்றதைப் பத்திரிகைகள் பெரிதும் பேசின. விலையைப் பற்றிய பேச்சு அவ்வளவு உரக்க எழவில்லை. அரிவாட்கல நோய்க்கான முதலாவது கிறிஸ்பர் சிகிச்சை 2023இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டொலர் என விலை குறிக்கப்பட்டது. இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் பிறக்கின்றனர். நெடுநாளாக வழக்கிலுள்ள ஐதரொட்சியூரியா என்னும் மலிவான மருந்துகூட அங்கே பல குழந்தைகளுக்குக் கிடைப்பதில்லை.