விமானிகளின் பணிப்பட்டியல்: லைன் தேர்வும் விருப்பப் பதிவும்

ஒரு மாதத்தில் எந்த விமானி எந்த நாளில் எந்த விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரில் இரவு தங்குவார், எந்த நாட்களில் வீட்டில் இருப்பார் என்று சொல்லும் அட்டவணையே பணிப்பட்டியல். விமானிகள் அதை ரோஸ்டர் என்பார்கள். அதை எழுத மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவதில் நிறுவனமே எழுதிக் கையில் கொடுத்துவிடும். இரண்டாவதில் நிறுவனம் ஆள் பெயர் இல்லாத மாதப் பட்டியல்களைத் தயாரித்து வெளியிடும். பணிமூப்பு வரிசைப்படி ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். இது லைன் பிட்டிங். மூன்றாவதில் விமானி தன் விருப்பங்களை மட்டும் பதிவு செய்வார். அவற்றைப் பார்த்துக் கணினி ஆளுக்கொரு பட்டியல் கட்டும். இது பிரிஃபரென்ஷியல் பிட்டிங், அதாவது விருப்பப் பதிவு முறை. பின்னிரண்டில் எது நல்லது என்று வட அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது. இந்தியாவில் பொதுவழக்கம் இன்னும் முதல் வழிதான். ஞாயிறு யாருக்கு, இரவு விமானம் யாருக்கு என்ற பங்கீட்டுச் சண்டைபோல இது வெளியே தெரியும். விடுப்பும் ஓய்வும் பணியும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும் நாட்கள் யாருக்குச் சொந்தம் என்பதே இதன் உட்கரு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இந்த முறைகளின் வரலாறு முழுவதும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

தோற்றம்

அமெரிக்க விமானிகள் 1931இல் சங்கம் அமைத்தார்கள். 1934 மே மாதம் அங்கே தேசியத் தொழிலாளர் வாரியம் வழங்கிய 83ஆம் எண் தீர்ப்பு, விமானி மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்றது. ஊதியத்துக்கும் ஒரு கணக்கு வகுத்தது. பறக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு வந்த பிறகு, உள்ள வேலையை எப்படிப் பிரிப்பது என்பதே அடுத்த கேள்வியானது. அதற்கு விடையாக நிலைத்தது பணிமூப்பு. முதலில் சேர்ந்தவர் முதலில் எடுப்பார், கடைசியில் சேர்ந்தவர் மிஞ்சியதை எடுப்பார். மேலாளரின் தயவுக்கோ கோபத்துக்கோ அதில் இடமில்லை. எல்லாப் பட்டியல்களும் முன்கூட்டியே கண்ணெதிரே இருந்தன. இருபதாம் ஆளாக நிற்பவர் இருபது பட்டியல்களை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுத்தால் அதில் ஒன்று நிச்சயம் கிடைக்கும். கணக்குப் போடப் பென்சிலும் தாளும் போதும். ஏமாற்ற வழியில்லாத இந்தத் திறந்த தன்மைதான் லைன் முறையின் முதல் பலம்.

இரண்டாவது பலம் யாரும் திட்டமிடாமல் வந்தது. ஒரு விமானிக்கு 8ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை ஆண்டு விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுத்த பட்டியலில் 6 முதல் 9 வரை ஒரு பயணம், 13 முதல் 16 வரை இன்னொரு பயணம். இரண்டும் விடுப்பைத் தொடுகின்றன. நாலு நாள் பயணத்தைப் பாதியில் விட்டு இறங்க முடியாது என்பதால் இரண்டுமே முழுதாக உதிர்ந்துவிடும். ஏழு நாள் விடுப்பு பதினொரு நாளாக நீளும். பல ஒப்பந்தங்களில் உதிர்ந்த பயணத்துக்கும் ஊதியம் உண்டு. அழைப்புக்குக் காத்திருக்கும் ரிசர்வ் விமானிகளைக் கொண்டு அந்தப் பயணங்களை நிரப்புவது நிறுவனத்தின் செலவு. மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மாதத்தில் முடியும் பயணங்களும் பயிற்சி நாட்களும் இதே போன்ற இடைவெளிகளை உண்டாக்கும். அனுபவசாலிகள் இந்த மோதல்களைக் கணக்குப் பார்த்தே பட்டியலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விருப்பப் பதிவின் வருகை

நிறுவனங்கள் மூடப் பார்த்தது இந்த இடைவெளியைத்தான். விருப்பப் பதிவு முறையில் விடுப்பும் பயிற்சியும் முதலிலேயே கட்டத்தில் நிரப்பப்படும். மீதி நாட்களில்தான் பயணங்கள் கோக்கப்படும். மோதலே நிகழாது, எனவே உதிர்வும் இல்லை. ‘காலை 6 மணிக்கு முன் புறப்பாடு வேண்டாம்’, ‘ஞாயிறு வீட்டில்’, ‘ஒரே நாளில் திரும்பும் பயணம் போதும்’ என்று விமானி எழுதி ஒவ்வொன்றுக்கும் எடை கொடுப்பார். இதைத் தீர்ப்பது எளிய கணக்கல்ல. மொன்ட்ரியால் நகரின் ஆய்வாளர்கள் ஏர் கனடாவுக்காக உருவாக்கிய தீர்வுமுறை 1998இல் ஆய்விதழில் வெளியானது. மூத்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் ஆக உயர்ந்த மதிப்பெண் தரும் பட்டியலை அது தேடும். அதைக் கொடுத்த பிறகு, மிஞ்சிய பயணங்களை மிஞ்சிய விமானிகளைக் கொண்டு ஓட்டி முடிக்க முடியுமா என்று ஒவ்வொரு படியிலும் சோதிக்கும். முடியாதென்றால் மூத்தவரின் விருப்பமும் தள்ளுபடி. ஐரோப்பாவில் சுவீடனின் கோதன்பர்க் நகரில் தொடங்கிய கார்மென் நிறுவனம் இதே துறையில் வளர்ந்து, 2006இல் போயிங் குழுமத்தின் ஜெப்சன் வசமானது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரிய பின் விமானிகளோடு செய்த ஒப்பந்தத்தில் விருப்பப் பதிவும் இடம்பெற்றது. சவுத்வெஸ்ட் விமானிகளோ லைன் முறையை விடாமல் காத்துவந்தார்கள்.

இளையவருக்கு இம்முறை நன்மையே என்று ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. லைன் முறையில் மிஞ்சிய பட்டியலை அப்படியே ஏற்க வேண்டும்; இங்கே மிஞ்சிய பயணங்களுக்குள்ளாவது தனக்கு வேண்டிய ஒரு நாளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் மோதல்கள் மறைந்ததால் மிச்சமான வேலை நேரம் நிறுவனத்துக்குப் போனது. அதே பறப்பைக் குறைந்த விமானிகளைக் கொண்டு நடத்த முடிந்தது. பணிமூப்புப் பட்டியலின் அடியில் நிற்பவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போவதும் இதனால்தான். கணினி ஏன் மறுத்தது என்று கேட்டால் விடை தெரியாத நிலையும் இதோடு வந்தது. மறுப்புக்குக் காரணம் காட்டும் அறிக்கையைச் சங்கங்கள் கேட்பதன் பொருள் இதுவே.

இந்தியாவில்

இந்திய விமானிகளின் போராட்டம் பட்டியலுக்குள் நடக்கவில்லை. பட்டியலுக்கு மேலே நிற்கும் விதிக்காக நடந்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 1992ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பறப்பு, பணி நேரங்களுக்கு வரம்பு வகுத்தது. 2007இல் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதி வந்தது; அடுத்த ஆண்டே அது நிறுத்திவைக்கப்பட்டுப் பழைய சுற்றறிக்கை திரும்பியது. விமானிகள் சங்கங்கள் வழக்காடின. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் இயக்குநரகத்தின் பக்கம் நின்றது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 2010 மே 22 காலை, துபாயிலிருந்து இரவெல்லாம் பறந்துவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்திருந்தார்கள். வழியில் கேப்டன் நெடுநேரம் உறங்கியதை விமானி அறை ஒலிப்பதிவு காட்டியது. விழித்த பிறகும் நீங்காத உறக்கக் கலக்கம் அவர் முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை மன்றம் குறித்தது. 2011இலேயே புதிய விதி வெளியானது.

2024 ஜனவரியில் வந்த திருத்தம் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது. இரவு என்பதை நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை நீட்டியது. இரவுப் பணியில் தரையிறக்கங்களை இரண்டாகக் குறைத்தது. நிறுவனங்களின் எதிர்ப்பால் அது தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றத்தின் வழியாக 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. புதிய விதிக்கு ஈடுகொடுக்க முடியாமல் டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனம் தடுமாறியது. 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சென்னை, பெங்களூரு விமான நிலையங்களிலும் பயணிகள் தேங்கினார்கள். அன்று இயக்குநரகம் தளர்த்திய விதி எது என்பது கவனிக்கத்தக்கது. ‘வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது’ என்ற விதியையே அது திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் ஒப்பந்த மேசையில் நடந்த அதே பேரம் இங்கே அரசாணையில் நடந்தது. விடுப்பும் ஓய்வும் மோதும் நாளை விமானியிடமிருந்து எடுத்து நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள்.

ரயில்வேயிலும் இதே கதைதான். ஜோலார்பேட்டை போன்ற பணிமனைகளில் பயணி வண்டி ஓட்டும் லோகோ பைலட்டுக்கு ‘லிங்க்’ எனப்படும் சுற்றுப் பட்டியல் உண்டு. நாளை மறுநாள் எந்த வண்டி என்பது அவருக்குத் தெரியும். சரக்கு வண்டிக்காரருக்கு அழைப்பு வந்த பிறகே தெரியும். வேலையைக் கணினி பிரித்தாலும், 1973 வேலைநிறுத்தத்தில் முன்வைத்த 10 மணி நேரப் பணி வரம்பையும், தலைமையக ஓய்வுக்கு (சொந்த நிலையத்துக்குத் திரும்பிய பின் தரும் ஓய்வு) மேல் தனியாக 30 மணி வார ஓய்வையும் லோகோ பைலட்டுகள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 16 மணி தலைமையக ஓய்வு அந்த 30 மணிக்குள் அடங்குமா, அதன்மேல் சேருமா என்பதே அவர்களின் சச்சரவு.

மதிப்பீடு

விதி கடுமையாக இருந்தால் முறை எதுவானாலும் என்ன என்று கேட்கலாம். விதி குறைந்தபட்சத்தைச் சொல்லும். எந்த நாள் ஓய்வு என்பதைச் சொல்லாது. குழந்தையின் பள்ளி விழாவன்று கிடைக்கும் 48 மணியும் அதற்கு மறுநாள் கிடைக்கும் 48 மணியும் சட்டத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்றல்ல. நல்ல மென்பொருள் இருந்தால் விதிமீறல் நடக்காது என்பது இன்னொரு வாதம். 2025 ஜூனில் இயக்குநரகம் ஏர் இந்தியாவின் மூன்று அதிகாரிகளைப் பணிப்பட்டியல் பொறுப்பிலிருந்து விலக்கச் சொன்னது. புதிய மென்பொருளுக்கு மாறிய பின் நடந்த ஆய்வில்தான் அந்த மீறல்கள் தெரியவந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 2017 டிசம்பர் மாதப் பட்டியலில் மென்பொருள் பிழையால் அளவுக்கு மீறி விமானிகளுக்கு விடுமுறை கிடைத்து, ஆயிரக்கணக்கான பயணங்களுக்கு விமானி ஒதுக்கப்படாமல் போனது. ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக நிறுவனம் அழைக்க வேண்டிவந்தது. கணினி தன்னைத் தானே காவல் காக்காது.

விமானிகள் போதாத நாட்டில் விருப்பம் கேட்பதே ஆடம்பரம் என்ற மறுப்பு மற்றவற்றைவிட வலுவானது. ஆனால் பற்றாக்குறையின் பாரத்தை விருப்பம் கேட்காமல் சுமத்தினால் ஆட்கள் இன்னும் வெளியேறுவார்கள். 2024 ஏப்ரலில் புதிய ஊதிய ஒப்பந்தத்தோடு நெருக்கமான பட்டியல்களும் சேர்ந்ததால் விஸ்தாரா விமானிகள் பலர் பணிக்கு வராமல், நிறுவனம் பறப்பையே குறைத்தது. குறுந்தூரப் பயணங்கள் மிகுந்த இந்திய வலைப்பின்னலுக்கு, ஆண்டாண்டாக ஆட்சேர்ப்பு நடக்கும் நிறுவனங்களுக்கு, லைன் முறையைவிட விருப்பப் பதிவே பொருந்தும். இளையவர் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் பணிமூப்பு மட்டும் பேசினால் போதாது. ஆயினும் மூன்று நிபந்தனைகள் இல்லாமல் அதை ஏற்பது விமானிகளுக்கு நட்டம். வார ஓய்வு விடுப்போடு கலக்காத தளமாக விதியில் நிற்க வேண்டும். மோதல்கள் ஒழிந்ததால் நிறுவனம் மிச்சப்படுத்தும் தொகையில் விமானிகளின் பங்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். விருப்பம் மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் காரணம் விமானிக்கும் அவர் சங்கத்துக்கும் தெரிய வேண்டும். இவை கிடைக்காத நிலையில், கண்ணெதிரே விரித்துவைத்த பழைய பட்டியலே கணினியின் புதிய பட்டியலைவிட நேர்மையானது.