பெயரில்லா அடிநாதம்

ஒரு பாட்டைக் கேட்டு முடித்தவுடன் நம் நாவில் தங்குவது பாடகரின் மெட்டு. இசையில் சிறிது பழக்கமுடையோர்க்குக் கித்தாரின் துள்ளலோ எக்காளத்தின் முழக்கமோ நினைவில் நிற்கும். மேலைநாட்டு மெல்லிசைக் குழுவில் நான்கு தந்திக் கருவியொன்றை ஏந்தி ஓரமாக நிற்கும் பாஸ் கித்தார்க்காரர் என்ன வாசித்தார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். ஆயினும், அவர் ஒரு நொடி கையை எடுத்துவிட்டால் ஏதோ ஒன்று சரிந்துவிட்டதாக அதே செவிகள் உணரும். கடைக்கால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவர் வெடித்த பிறகே அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது.

இக்காரணத்தால் இக்கருவியின்பால் ஓர் இளக்காரமும் இருந்து வந்துள்ளது. கித்தாரில் தேறாதவனிடம் பாஸைக் கொடு என்பது குழுக்களில் வழங்கும் கேலி. பீட்டில்ஸ் குழுவிலேயே 1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் பயிலும்பொருட்டு ஹாம்பர்க் நகரில் விலகியபோது, எஞ்சியோருள் எவரும் பாஸை விரும்பவில்லை. அது பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. ஐந்தாண்டு கழித்து, 1966இல், அதே மெக்கார்ட்னியின் பாஸ் ஒலியை முழுமையாகப் பிடிப்பதற்காக ஒலிப்பதிவாளர்கள் ஓர் ஒலிபெருக்கியையே ஒலிவாங்கியாக மாற்றிப் பயன்படுத்தும் அளவிற்கு அதன் மதிப்பு உயர்ந்தது. இந்த மாற்றத்திற்கு யார் காரணம்? டெட்ராயிட் நகரிலிருந்து வந்த இசைத்தட்டுகளில் கேட்ட ஒரு பாஸ் வாசிப்பே தம்மை ஈர்த்தது என்றும், அந்த வாசிப்பாளரின் பெயர் அப்போது தமக்குத் தெரியாது என்றும் மெக்கார்ட்னி பின்னாளில் கூறினார். அப்பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். நல்ல பாஸ் வாசிப்பாளர் யார் என்னும் வினாவிற்கு இலக்கணம் வகுப்பதைவிட, இவ்வொருவரின் வரலாற்றை நோக்குவதே தெளிவு தரும்.

முதற்கண், பாஸின் தொழில் யாதென அறிதல் வேண்டும். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நாம் அறிவோம். ஆதார சுருதி அசையாது நிற்க, அதன்மேல் இராகம் உலவுகிறது. மேலைநாட்டிசையில் நிலைமை வேறு. அங்கே அடித்தளமே நகர்கிறது. எடுத்துக்காட்டாக, ஸ என்னும் சுரத்தையும் அந்தர காந்தாரத்தையும் ஒருங்கே ஒலிக்கச் செய்து, கீழே மந்தர ஸ்தாயியில் ஸ நின்றால் செவிக்குத் தெளிவும் மகிழ்வும் தோன்றும். மேலுள்ள இரு சுரங்களையும் அப்படியே விட்டுவிட்டு, கீழே மட்டும் ஸ இருந்த இடத்தில் சதுசுருதி தைவதத்தை வைத்துப் பாருங்கள். அதே இரு சுரங்களின்மீது துயரத்தின் நிழல் படர்ந்துவிடும். பாடகர் ஒன்றும் மாற்றவில்லை. கீழே இருந்தவர் மாற்றிவிட்டார். ஆகவே, பாடலின் உணர்வை ஆளும் உரிமையில் பாஸ்காரருக்குப் பெரும் பங்குண்டு. இது சுரத்தின் பக்கம். தாளத்தின் பக்கமோ, முரசுக்காரர் தம் வலக்காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய முரசோடு அவர் கட்டுண்டு கிடக்கிறார். ஒரு காலைச் சுரத்திலும் மறுகாலைத் தாளத்திலும் ஊன்றி நிற்பவர் குழுவில் அவர் ஒருவரே.

இத்தொழிலுக்குரிய கருவியும் எளிதில் அமைந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுயரப் பெருவயலின் ஒன்றே இதற்குப் பயன்பட்டது. புனல் வழியாக ஒலியைப் பதிந்த அக்காலப் பொறிகள் அதன் மெல்லொலியைப் பிடிக்க இயலாது திணறின. எனவே, பல ஜாஸ் தட்டுகளில் டியூபா என்னும் பெருங்குழல் அவ்விடத்தை நிரப்பியது. 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தபின் பெருவயலின் மீண்டது. டியூக் எலிங்டனின் குழுவில் 1939இல் சேர்ந்த ஜிம்மி பிளான்டன், அளவெடுத்து அடிவைப்பதோடு நில்லாமல், அக்கருவியைப் பேசவும் பாடவும் வைத்தார். எலிங்டனின் பியானோவும் அவருடைய பாஸுமாக இருவர் மட்டுமே உரையாடும் தட்டுகள் வெளிவந்தன. என்புருக்கி நோய் அவரை 1942இல், 23 வயதில், கொண்டு போயிற்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 1951இல் மின்பாஸ் கித்தார் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. பரவலாக வழக்கூன்றியது இவருடைய கருவியே. வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் பிசகாது. அதனாற்றான் துல்லியம் என்னும் பொருளுடைய 'ப்ரிசிஷன்' என்ற பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது.

ஜேமர்சன் 1936இல் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் இரப்பர் வளையத்தை இழுத்துக் கட்டி, அதை எறும்புப் புற்றில் ஊன்றி மீட்டி, எறும்புகளை ஆட வைத்து மகிழ்ந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1954இல் தாயுடன் டெட்ராயிட் வந்தார். தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே பெயர்ந்த காலம் அது. கார் ஆலைகளின் நகரமாகிய டெட்ராயிட் அவர்களைப் பெருமளவில் ஈர்த்தது. அங்கே பள்ளியில் பெருவயலினைக் கற்று, இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்து வளர்ந்தார். மின்பாஸுக்கு அவர் மாறியது பின்னர்தான். ஆனால், பழைய கருவியின் பழக்கம் கடைசிவரை அவர் கையை விட்டு நீங்கவில்லை. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டினார். அவ்விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர். பிற கலைஞர்கள் அடிக்கடி தந்தி மாற்றுவர். இவரோ அறுந்தாலன்றி மாற்றுவதில்லை. தந்தியில் ஏறிய அழுக்கே சுவை தருகிறது என்று கருதினார் போலும்! கருவியின் அடிப்பகுதியில் ஒரு பஞ்சுத்துண்டைச் செருகி ஒலி நீளாமல் தடுத்ததும் உண்டு. மத்தளத்தின் இடப்பக்கம் போன்று கனத்து, உடனே அடங்கும் ஒலி அதனால் கிட்டியது.

கார் ஆலையில் தொழிலாளியாக இருந்த பெரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959இல் தொடங்கிய இசை நிறுவனமே பின்னர் மோடவுன் என உலகறிந்தது. டெட்ராயிட்டின் மேற்கு கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீடு. அதன் பின்பகுதியில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம். கூரையிலிருந்து மின்கம்பிகள் தொங்கியமையால் அதைப் 'பாம்புக்குழி' என்று அழைத்தனர். அங்கே நாள்தோறும் வாசித்த குழுவினர் தம்மை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று கூறிக்கொண்டனர். பியானோவில் ஏர்ல் வான் டைக், முரசில் பென்னி பெஞ்சமின், கித்தாரில் ராபர்ட் ஒயிட் முதலானோர். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் எனப் பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பர்; பின்னணியில் வாசித்தோர் பெரும்பாலும் இவர்களே. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த இருபதுக்கும் மேற்பட்ட பாடல்களில் ஜேமர்சனின் பாஸ் உள்ளது.

அவர் வாசிப்பின் சிறப்பு யாது? வேகம் என்பர் சிலர். அதை நான் ஏற்கமாட்டேன். வேகமாக விரலோட்டுபவர்கள் எக்காலத்தும் உளர். டெம்ப்டேஷன்ஸ் 1964இல் பாடிய 'மை கேர்ள்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பாஸ் தனித்து ஒலிக்கிறது: மிகச் சில சுரங்கள், நடுவே பெரும் இடைவெளி, அவ்வளவே. பிறகு ராபர்ட் ஒயிட்டின் கித்தார் ஏணிப்படி ஏறுவதுபோல் மேலே வருகிறது. பாஸ் அங்கே விட்டுவைத்த வெற்றிடத்தினாலேயே கித்தாரின் அந்தச் சிறு ஏற்றம் உலகப் புகழ் பெற்றது. இனி, ஃபோர் டாப்ஸ் 1967இல் பாடிய 'பெர்னடெட்' பாடலைக் கேளுங்கள். அதே மனிதரா என்று ஐயுற நேரும். அங்கே பாஸ் ஓரிடத்தில் நில்லாது புரண்டோடுகிறது; எதிர்பாராத இடத்தில் அடி விழுகிறது; ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் இடைச்சுரங்களையெல்லாம் தொட்டுச் செல்கிறது. ஆயினும், பாடகர் லீவை ஸ்டப்ஸின் கதறலை அது ஒருபோதும் மறைக்கவில்லை. பாடகர் மூச்சு வாங்கும்போது பாஸ் பேசுகிறது; பாடகர் சொல்லைத் தொடங்கும்போது ஒதுங்குகிறது. முதற்பாடல் ஒரு மென்காதலைச் சொல்வது, அதற்கு அமைதி வேண்டும். இரண்டாவது, காதலியை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தைச் சொல்வது. அதற்குக் கீழே நிலம் அதிர வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்த செவியே ஜேமர்சனின் சிறப்பு எனலாம். விரல் அதற்குப் பின் வந்தது.

பல வேளைகளில் இவர்முன் வைக்கப்பட்டது முழுமையாக எழுதிய சுரத்தாளன்று. பாடலின் நடைக்கான சில குறிப்புகள் மட்டுமே. எஞ்சியதை அந்த நேரத்தில் அவரே படைத்தார். அதிலும் பென்னி பெஞ்சமினின் முரசு உடனிருந்தால் இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் முன்னறிந்தே வாசித்தனர் என்று உடனிருந்தோர் கூறுவர். 1969இல் பெஞ்சமின் மறைந்தது ஜேமர்சனுக்குப் பேரிழப்பு.

நிற்க. மிகுதியாக வாசிப்பதே மேன்மை என்று மாணவர் எவரும் முடிவு செய்துவிடலாகாது. அதே காலத்தில் தெற்கே மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் டொனால்ட் டன் என்பவர் பாஸ் வாசித்தார். அவருடைய வாசிப்பில் அணிகலன்கள் குறைவு. இட்ட அடி பிசகாது, எடுத்த நடை மாறாது. ஓட்டிஸ் ரெடிங்கின் கனத்த குரலுக்கு அந்த எளிமையே பொருந்தியது. ஜேமர்சனை அங்கே அமர்த்தி, டன்னை டெட்ராயிட்டில் அமர்த்தியிருந்தால் இரு நிறுவனங்களின் பாடல்களும் வேறாகியிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இத்தனை பாடல்கள் வெளிவந்தும் உறைகளில் இவர்கள் பெயர் இல்லை. பாடகரின் படம் இருந்தது. நிறுவனத்தின் முத்திரை இருந்தது. வாசித்தோர் கூலி பெற்றனர். பின்னாளில் சம்பளமும் பெற்றனர். விற்ற தட்டுகளில் பங்கு இல்லை. 1971இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் மோடவுன் இசைவாணர்களின் பெயர்கள் முதன்முதலாக அச்சேறின. அத்தொகுப்பின் தலைப்புப் பாடலுக்காக மார்வின் கே விடுதி விடுதியாகத் தேடி ஜேமர்சனை அழைத்து வந்தார் என்றும், அமரக்கூட இயலாத நிலையில் அவர் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்றும் கூறுவர். குடி அவரை அதற்குள் பற்றிவிட்டிருந்தது. பாடலைக் கேட்பவர்க்கு அந்நிலையின் சுவடு சிறிதும் தென்படாது. அத்துணை நிதானம் அதில் இருக்கிறது.

மறு ஆண்டே, 1972இல், நிறுவனம் தன் தலைமையிடத்தை லாஸ் ஏஞ்சல்சுக்கு மாற்றிக்கொண்டது. ஜேமர்சனும் பின்தொடர்ந்தார். ஆனால், அங்கே நாகரிகம் மாறியிருந்தது. பளிச்சென ஒலிக்கும் புதுத்தந்திகளையும் எழுதியதை எழுதியவாறு வாசிப்பவர்களையும் விரும்பினர். பாம்புக்குழியின் தோழர்களும் உடனில்லை. வேலை குறைந்தது; உடல் நலிந்தது. 1983 மார்ச்சில் மோடவுனின் வெள்ளிவிழா நிகழ்ச்சி கலிபோர்னியாவில் நடைபெற்றது. அந்நிறுவனத்தின் பாடல்களுக்கு அடித்தளமிட்டவர் மேடைக்கு அழைக்கப்படவில்லை; தாமே நுழைவுச்சீட்டு வாங்கிப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், 47ஆம் வயதில், மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவருடைய 1962ஆம் ஆண்டு ப்ரிசிஷன் கித்தார் களவு போயிருந்தது.

பெயர் எழுதாமையின் தீமை கலைஞரோடு முடிவதில்லை. வரலாற்றாசிரியரையும் அது தாக்குகிறது. கலிபோர்னியாவின் புகழ்மிக்க பாஸ் கலைஞர் கேரல் கே, 1960களின் மோடவுன் பாடல்கள் சிலவற்றைத் தாமே வாசித்ததாகக் கூறினார். டெட்ராயிட்டில் வாசித்தோர் அதை மறுத்தனர். மோடவுன் அக்காலத்திலேயே லாஸ் ஏஞ்சல்சிலும் ஒலிப்பதிவு நடத்தியது உண்மை; ஆகையால் வழக்கிற்கு இடம் ஏற்பட்டது. உறையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஐயம், பத்தாண்டுகள் பலவாக நீண்டது. கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கச் சிற்பியின் பெயரைத் தேடி அலையும் நம்மவர்க்கு இத்துன்பம் புதிதன்று.

ஆலன் ஸ்லட்ஸ்கி என்னும் கித்தார் கலைஞர், ஜேமர்சனின் வாழ்வை ஆராய்ந்து, அவருடைய வாசிப்புகளைச் சுரக்குறிப்பாக எழுதி, 1989இல் நூலாக்கினார். பல நாட்டுப் பாஸ் கலைஞர்கள் அவற்றை வாசித்த ஒலிநாடாக்களும் உடன் வந்தன. அந்நூலையொட்டி 2002இல் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. இதற்கிடையே 2000ஆம் ஆண்டில் ராக் இசையின் புகழ்மண்டபம் பின்னணி வாசிப்பாளர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோது, முதலில் சேர்க்கப்பட்டோருள் ஜேமர்சனும் ஒருவர்.

மோடவுனின் பல தடங்கொண்ட மூலநாடாக்களிலிருந்து பாஸை மட்டும் பிரித்தெடுத்த ஒலிப்பதிவுகள் பிற்காலத்தில் கேட்கக் கிடைத்தன. ஸ்டீவி வொண்டர் 1968இல் பாடிய 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாடலின் பாஸைத் தனியே கேட்டால், பாடகர் இல்லை, முரசு இல்லை, ஆர்மோனிகாவும் இல்லை. நான்கு தந்திகளும் ஒரு விரலும் மட்டுமே. ஆயினும், எந்த இடத்தில் பாட்டு தொடங்குகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே பாடகர் மூச்சு விடுகிறார் என்பதை நாம் பிழையின்றிச் சுட்டிவிட முடிகிறது.