இளவரசன் ஏன் தன் கப்பல்களையே எரித்தான்? ஸ்ட்ராட்டஜி கேம்களில் போர்க்கணக்கும் மனக்கணக்கும்

திரையின் ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று நீங்கள் கொன்றவர்களின் எண்ணிக்கை. இன்னொன்று எதிரி தன் பக்கம் இழுத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை. முதலில் 100-ஐத் தொடுபவருக்கு வெற்றி.

இதில் கொல்லப்படுபவர்கள் எதிரி நாட்டுப் படையினர் இல்லை. உங்கள் நாட்டு மக்கள். நீங்கள் அந்த நாட்டின் இளவரசன்.

2002 ஜூலையில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' கேமில் வரும் ஸ்ட்ராத்ஹோம் நகரக் காட்சி இது. 20 வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. ஆனாலும் இளவரசன் ஆர்தஸ் அங்கே செய்தது சரியா, தப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நம்மில் பலருக்கு வார்கிராஃப்ட் 3 என்றாலே டோட்டாதான். அந்தக் கேமின் மேல் ரசிகர்கள் உருவாக்கிய ஒரு மேப்பாகத்தான் டோட்டா பிறந்தது. ஹாஸ்டல் லேனில் அதை ஆடுவதற்காகவே கேமை இன்ஸ்டால் செய்த பலர் பக்கத்திலேயே இருந்த 'கேம்பெய்ன்' பட்டனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். கதையை முழுசாக விளையாடியது வேலைக்குச் சேர்ந்த பிறகு.

ஃபேன்டஸி ஸ்ட்ராட்டஜி கேம்களில் டிராகன், மந்திரம் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு கதை மனதில் நிற்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது வேறு ஒன்று. தளபதி எடுக்கும் ராணுவ முடிவும் அவன் மனதுக்குள் ஓடுவதும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா? ஆர்தஸ் கதை அதற்கு நல்ல உதாரணம் என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம். (ஸ்பாய்லர் எச்சரிக்கை: கீழே மூன்று கேம்களின் கதை உடைகிறது.)

ஆர்தஸுக்கு அப்போது என்ன தெரியும்?

லார்டெரான் நாட்டில் ஒரு கொள்ளைநோய். தானியத்தில் கலந்து அனுப்பப்படுகிறது. சாப்பிட்டவர்கள் இறந்து, நடைப்பிணங்களாக எழுந்து எதிரிப் படையில் சேர்ந்துவிடுகிறார்கள். அதாவது எதிரிக்கு ஆள் சேர்க்கும் வேலையே கிடையாது. நீங்கள் இழக்கும் ஒவ்வொருவரும் அவன் கணக்கில் ஒரு வரவு.

ஸ்ட்ராத்ஹோமுக்கு முந்தைய மிஷன் ஹார்த்க்ளென் என்ற ஊரில் நடக்கிறது. விஷத் தானியம் அங்கே ஏற்கெனவே விநியோகம் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் கண் முன்னால் மாறுகிறார்கள். தோழி ஜெய்னாவை அனுப்பிவிட்டு, உதவிப்படை வரும்வரை 30 நிமிடம் ஊரைக் காக்க வேண்டும். நிஜமாகவே கடிகாரம் ஓடும் 30 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாப் பக்கமும் அலை அலையாக வருவார்கள். குருவான ஊதர் குதிரைப்படையோடு வந்து சேரும்போது விளையாடுபவருக்கே மூச்சு வாங்கும்.

அதே மனநிலையோடு ஸ்ட்ராத்ஹோம் வாசலுக்கு வருகிறான் ஆர்தஸ். இங்கேயும் தானியம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹார்த்க்ளென் ஒரு சிறிய ஊர். இது பெரிய நகரம். நோய்க்கு மருந்து இருப்பதாக அவனுக்கோ நமக்கோ யாரும் சொன்னதில்லை. காத்திருந்தால் நகரம் முழுவதும் எதிரிப் படையாக எழும். இந்தத் தகவல்களை மட்டும் வைத்துப் பார்த்தால், "மாறுவதற்கு முன்பே எல்லோரையும் கொன்றுவிடு" என்பது குரூரமான முடிவு. ஆனால் புரியாத முடிவு இல்லை. எழுதியவர்கள் ஆர்தஸைப் பைத்தியக்காரனாகக் காட்டவில்லை. அவன் கணக்கை நாமே போட்டுப் பார்த்து, அதே விடைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி முந்தைய மிஷனையே அமைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எங்கே பிசகியது?

பெரும்பாலான விவாதங்கள் "கொன்றது நியாயமா" என்பதிலேயே நின்றுவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நடப்பது. அரசனே சொன்னாலும் இதைச் செய்ய மாட்டேன் என்று ஊதர் மறுக்கிறார். ஆர்தஸ் அதைத் துரோகம் என்கிறான். அங்கேயே ஊதரின் பொறுப்பைப் பறிக்கிறான், அவருடைய புனித வீரர் படையை இடைநீக்கம் செய்கிறான். ஜெய்னாவும் கிளம்பிவிடுகிறாள்.

மனசாட்சியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு ராணுவக் கண்ணால் மட்டும் பாருங்கள். ஒரு பெரிய நகரத்தில் நேரத்தோடு போட்டி போட வேண்டிய நிலை. அந்த நேரத்தில் கையில் இருக்கும் அனுபவமுள்ள படையையும், ஒரு திறமையான மந்திரவாதியையும் வாசலிலேயே இழக்கிறான். நகரத்தை முற்றுகையிட்டு யாரையும் வெளியே விடாமல் பிடிக்க முடியுமா, பகுதி பகுதியாகப் பிரிக்க முடியுமா என்று பேசிப் பார்க்கக்கூட இல்லை. அதற்கெல்லாம் ஆள்பலம் வேண்டும். அந்த ஆள்பலத்தைத்தான் இப்போது விரட்டிவிட்டான்.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது? ஆர்தஸுக்கு விளக்கத் தெரியாது, கட்டளையிடத்தான் தெரியும். தன் மேல் சந்தேகப்படுபவர் தன்னை விட்டுப் போனவர் என்றே எடுத்துக்கொள்கிறான். அவன் குணம் நீளமான வசனத்தில் வெளிப்படவில்லை. ஒரு மோசமான உத்தி முடிவாக வெளிப்படுகிறது.

9 மிஷன்களை ஒரு ஷீட்டில் போட்டால்

தொழில் புத்தி விடுமா? ஆர்தஸ் இளவரசனாக வரும் முதல் கேம்பெய்னில் மொத்தம் 9 மிஷன்கள். ஒவ்வொன்றிலும் இலக்கு என்ன என்று ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் எழுதிப் பார்த்தேன். முதல் மிஷனில் ஒரு கிராமத்தைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவதில் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்காக ஓர்க்குகளின் முகாமை அழிக்க வேண்டும். அந்த மக்கள் ஏற்கெனவே பலியாகிவிட்டார்கள். 'நான் தாமதமாகிவிட்டேன்' என்ற எண்ணம் அவனுக்குள் முதலில் விழுவது இங்கேதான். மூன்றிலும் நான்கிலும் நோயின் மூலத்தைத் தேடுகிறான். ஐந்தில் ஊரைக் காக்கிறான். ஆறில் ஊரை அழிக்கிறான். ஏழாவதில் நாட்டையே விட்டு நார்த்ரெண்ட் என்ற பனிக்கண்டத்துக்குக் கப்பல் ஏறுகிறான். எட்டில் தன் கப்பல்களைக் கொளுத்துகிறான். ஒன்பதில் சபிக்கப்பட்ட வாளை எடுக்கிறான்.

'காப்பாற்று' என்ற வினை ஐந்தாவதோடு முடிகிறது. அதன் பிறகு அந்த வாய்ப்பே விளையாடுபவருக்குத் தரப்படுவதில்லை. ஆர்தஸ் மட்டும் கடைசிவரை "என் மக்களுக்காக" என்றுதான் பேசிக்கொண்டிருப்பான். பேச்சு ஒரு பக்கம், மிஷன் இலக்கு இன்னொரு பக்கம். இந்த இடைவெளியில்தான் கதையே இருக்கிறது.

கப்பல்களை எரிப்பதன் தர்க்கம்

எட்டாவது மிஷனில் லார்டெரானில் இருந்து உத்தரவு வருகிறது: படை உடனே திரும்ப வேண்டும். அரசரைச் சம்மதிக்க வைத்தது ஊதர். படையினர் சந்தோஷமாகக் கப்பல்களை நோக்கிக் கிளம்புகிறார்கள். அவர்கள் போய்ச் சேருவதற்குள் கூலிப்படையை வைத்துக் கப்பல்களை எரித்துவிடுகிறான் ஆர்தஸ். பிறகு பழியை அதே கூலிப்படை மேல் போட்டு, தன் வீரர்களை வைத்தே அவர்களைக் கொல்ல வைக்கிறான். துணைக்கு இருந்த முராடின் என்ற குள்ளர் இனத் தலைவருக்கே அதிர்ச்சி.

போர் வரலாற்றில் இது புதிதல்ல. பொது ஆண்டுக்கு முன் 207-ல் சீனத் தளபதி சியாங் யூ ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்து, சமையல் பாத்திரங்களையும் உடைக்கச் சொன்னதாக வரலாறு. மூன்று நாள் உணவு மட்டுமே கையில். ஜெயித்தால்தான் அடுத்த வேளைச் சாப்பாடு. பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1960-ல் எழுதிய நூலில் இந்த வகை உத்தியை அலசியிருக்கிறார். தன் வழியைத் தானே அடைத்துக்கொள்வதும் ஒரு பலம்தான். இனி நான் பின்வாங்க முடியாது என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால் அவன் கணக்கு மாறும்.

ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்தால்தான் வேலை செய்யும். சியாங் யூ தன் வீரர்கள் கண் முன்னால் செய்தார். ஆர்தஸ் ரகசியமாகச் செய்கிறான். அவன் கட்டிப்போட நினைத்தது எதிரியை அல்ல, சொந்தப் படையை. இதற்கு நெருங்கிய நிஜ உதாரணம் 1519-ல் மெக்சிகோ கடற்கரையில் கப்பல்களைச் செயலிழக்கச் செய்த ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்டெஸ். எரித்தார் என்று பரவலாகச் சொல்வார்கள், உண்மையில் அவை தரைதட்ட வைத்து மூழ்கடிக்கப்பட்டன. அவர் படையிலும் ஒரு பிரிவு கியூபா ஆளுநரின் விசுவாசிகள். அவர்கள் திரும்பிப் போக நினைத்தார்கள். கோர்டெஸ் அந்த வழியை அடைத்தார்.

மேலிடத்து உத்தரவை மீற நினைக்கும் தளபதி முதலில் அழிப்பது திரும்பிப் போகும் பாதையைத்தான். ஸ்ட்ராத்ஹோமில் ஊதரிடம் வாதாடத் தெரியாதவன், இங்கே தன் வீரர்களிடம் வாதாட வேண்டிய தேவையையே இல்லாமல் ஆக்கிவிடுகிறான். அதே குணம், அடுத்த படி.

எதிரியின் இலக்கு எது?

கதையின் மிகச் சிறந்த ராணுவ யோசனை எதிரியுடையது. மால்கானிஸ் என்ற அரக்கன் ஸ்ட்ராத்ஹோமில் கடைசிவரை நின்று சண்டை போடுவதில்லை. நார்த்ரெண்டுக்கு வா என்று சொல்லிவிட்டு மறைகிறான். உண்மையில் குறிவைக்கப்பட்டது நகரம் இல்லை, ஆர்தஸின் மனம். அவன் கோபத்தைப் பயன்படுத்தியே அவனைக் குரு, தோழி, தந்தை, படை என்று ஒவ்வொருவரிடம் இருந்தும் பிரிக்கிறார்கள். கடைசியில் ஃப்ராஸ்ட்மோர்ன் வாளுக்கு முன்னால் தனியாக நிற்கிறான். வாள் சபிக்கப்பட்டது என்று முராடின் எச்சரித்தும் எடுக்கிறான். மால்கானிஸும் அதே வாளால் சாகிறான், அவனும் லிச் கிங்குக்கு ஒரு காய்தான். நாடு திரும்பும் ஆர்தஸ் தந்தையைக் கொல்கிறான். அடுத்த கேம்பெய்னில் அதே ஆர்தஸை நடைப்பிணங்களின் தளபதியாக நாம்தான் விளையாட வேண்டும்.

எல்லாக் கேமும் இதைச் சாதிக்கிறதா?

இல்லை. 2019-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுஸஸ்' மூன்று வாரிசுகளின் கதை. ஒரே பள்ளியில் படித்த எடெல்கார்ட், டிமிட்ரி, கிளாட் மூவரும் ஐந்து வருடம் கழித்துப் போர்க்களத்தில் சந்திக்கிறார்கள். எடெல்கார்ட் பாகம் பிரமாதம். பிறப்பால் வரும் 'கிரெஸ்ட்' சக்தியை அவள் உடலில் ஏற்றுவதற்கான சோதனைகளில் உடன்பிறந்தவர்களை இழந்தவள். பிறப்பை வைத்து மனிதர்களை எடைபோடும் அமைப்பையே உடைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். அவள் பொறுமையின்மை அவள் போர்முறையிலேயே தெரிகிறது. கிரோண்டர் சமவெளிப் போரில் எதிரி நடுமேட்டைப் பிடித்ததும், அங்கே தன் ஆள் நின்றாலும் மேட்டுக்குத் தீ வைக்கத் தயங்க மாட்டாள்.

ஆனால் அதே போரில் டிமிட்ரி படையும் கிளாட் படையும் ஏன் மோதிக்கொள்கின்றன? இருவருக்கும் பொது எதிரி அவள்தானே! மூடுபனி, குழப்பம் என்று கேம் சமாளிக்கிறது. மூவரும் மோதும் காட்சி வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, காரணத்தைப் பிறகு தேடிய மாதிரிதான் எனக்குப் படுகிறது.

இதற்கு நேர் எதிர், 1995-ல் ஜப்பானில் யாசுமி மட்சுனோ இயக்கத்தில் வந்த 'டாக்டிக்ஸ் ஓகர்'. வலேரியா தீவுகளில் இனங்களுக்கு இடையே போர். சிறுபான்மையான வாலிஸ்டர் இனத்தின் இளம் போராளி டெனாம் நீங்கள். பால்மமூசா என்ற ஊரில் சிறைவைக்கப்பட்டிருக்கும் சொந்த இனத்தவரைக் கிளர்ச்சிக்கு அழைக்கப் போகிறீர்கள். அவர்கள் மறுக்கிறார்கள். அப்போது மேலதிகாரி லியோனார் உங்கள் தலைவரின் உண்மையான உத்தரவைச் சொல்கிறான்: இவர்களைக் கொன்று, பழியை எதிரி இனத்தின் மேல் போடு. அந்தக் கோபத்தில் நம் ஆட்கள் ஒன்று திரள்வார்கள்.

ஆர்தஸ் விஷயத்தில் கேம் உங்களைக் கேட்பதில்லை. இங்கே கேட்கிறது. சம்மதிக்கலாம், மறுக்கலாம். மறுத்தாலும் படுகொலை நடக்கும், பழி உங்கள் மேல் விழும், தலைக்கு விலை வைக்கப்படும். கூடவே வளர்ந்த நண்பன் வைஸ் எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம். நீங்கள் சம்மதித்தால் அவன் கொதித்துப்போய்ப் பிரிவான். மறுத்தால் அவன் வாளெடுப்பான். ஒரே ஆள் எப்படி இரண்டாகவும் இருக்க முடியும், இது எழுதியவர்களின் தவறு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைஸுக்குக் கொள்கை கிடையாது. டெனாம் நிழலில் நின்று நின்று சலித்தவன் அவன். டெனாம் எந்தப் பக்கம் போனாலும் காலியாக இருக்கும் மற்ற இடத்தை எடுத்துக்கொள்கிறான். இதை ஒரு வழியை மட்டும் விளையாடுபவர் பார்க்கவே முடியாது. 2010-ல் பிஎஸ்பிக்கு வந்த பதிப்பில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது: கதையை முடித்த பிறகு பால்மமூசாவுக்கே திரும்பிப் போய், லியோனாரிடம் மற்ற பதிலைச் சொல்லலாம்.